பத்து ராத்திரிப் பாரதத்தை ஒரு ராத்திரிக் கச்சேரி ஆக்காதீர்கள்: எங்கள் ஊர் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுப் பெரியவர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

போன வாரம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட நோட்டீஸை, ஒரகடத்தில் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது படித்தேன். இந்த ஆண்டு பாரதம், அதாவது நம் கோயிலில் பத்து ராத்திரி நடக்கும் மகாபாரதக் கூத்து, கிடையாது, ஒரே நாளில் தீமிதி, அன்று இரவு இன்னிசைக் கச்சேரி, மிச்சமாகும் பணத்தில் கோயில் பக்கத்தில் கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம். நாலே வரி. கீழே முப்பத்தேழு பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. வெளியூரில் இருக்கிற நம் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் காரணங்கள் எதுவும் பொய் இல்லை. கூத்துக்கு ஆள் உட்காருவதில்லை, பத்து மணிக்கு மேல் மைக் போட முடியவில்லை, வரி வசூல் ஆகவில்லை, பிள்ளைகள் ஆர்கெஸ்ட்ரா கேட்கிறார்கள். போன வருஷம் கர்ண மோட்சம் அன்று நானும் இருந்தேன். பத்தரைக்கே போலீஸ் வந்து மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் களரி முன்னால் நாற்பது பேர்கூட இல்லை. அதில் பாதிப் பேர் போர்வைக்குள் தூக்கம். கர்ணன் மட்டும் நானூறு பேருக்கு முன்னால் நிற்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தார். முகவீணைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் அந்த நாற்பது பேரை வைத்து முடிவெடுத்த நீங்கள், வேறு சில கணக்குகளைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

முதலில் பூட்டுக் கணக்கு. நம் கிழக்குத் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. போன தை மாதம் நடந்து எண்ணினேன். பதினெட்டு வீட்டில் பூட்டு. பள்ளிக்கூடத்தில் பதினோரு பிள்ளைகள். மெயின் ரோட்டோரம் மல்லாட்டை (வேர்க்கடலை) விளைந்த நிலமெல்லாம் மனைக்கல் நட்டுப் புல் மண்டிக் கிடக்கிறது. ஆம்பிளைப் பிள்ளைகள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிறோம், பெண் பிள்ளைகள் விடியற்காலை கம்பெனி வண்டியில் ஏறி இருட்டின பிறகு இறங்குகிறார்கள். இந்தப் பதினெட்டுப் பூட்டும் எப்போது திறக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? பொங்கலுக்கு ஆறோ ஏழோ. அதுவும் இரண்டு நாள். பாரதத்துக்குத்தான் அத்தனையும். கொடியேற்றத்துக்கு முன்னால் ஒட்டடை அடித்து, கிணற்று மோட்டாரைச் சரிபார்த்து, வாசலுக்குச் சாணி தெளித்து, கட்டிக்கொடுத்த பெண்களைப் பிள்ளைகுட்டியோடு அழைத்துவந்து வைத்துக்கொள்வது இதற்குத்தான். காப்புக் கட்டிவிட்டால் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது என்று பெரியவர்கள் வைத்தது சும்மா இல்லை. ஊரைக் காலியாக விடாமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தத் திட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

கச்சேரிக்கும் கூட்டம் வரும், மறுக்கவில்லை. பக்கத்து ஊரில் இரண்டு வருஷம் முன்னால் வைத்தார்களே, நானும் போனேன். ஒன்பது மணிக்கு பைக்கில் வந்தார்கள், ஆடினார்கள், முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. மறுநாள் காலை பிளாஸ்டிக் டம்ளர் பொறுக்க மட்டும் ஆறு அம்மாக்கள் தேவைப்பட்டார்கள். அப்புறம் ஒரு சந்தேகம்: கூத்துக்குப் பத்து மணியில் நிற்கிற மைக், கச்சேரிக்கு மட்டும் எப்படி ஓடும்?

அடுத்தது படுகளம், துரியோதனன் விழுகிற காலை. ஆள் வருவதில்லை என்ற உங்கள் கணக்கில் அந்தக் காலை சேரவே இல்லை. முந்தின நாளே ஏரி மண்ணை வண்டி வண்டியாக அடித்து, தண்ணீர் தெளித்துக் குழைத்து, குயவர் வீட்டு அண்ணனும் அவர் தம்பியும் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். நாற்பதடி நீளம். மீசைக்குக் கரி, மார்புக்கு மஞ்சளும் காவியும், தொடைக்குள் சிவப்புச் சாயம் கரைத்த சட்டி. வேடம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பின் மேல் ஏறி இறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து, டீக்கடை வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். கடைசியில் தொடையில் அடி விழும், சட்டி உடையும், பாஞ்சாலி அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். பத்து நாளாகத் துரியோதனனை வாய்க்கு வந்தபடி திட்டிய கிழவிகள், அவன் மனைவி பெருந்திருவாள் முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி எடுத்ததும் அவளோடு சேர்ந்து அழுவார்கள். என் ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டே மடியில் ஒரு பிடி மண் எடுத்துவந்து நெல் குதிருக்குள் போடுவார். குதிர் போய் இருபது வருஷம் ஆகிறது. அம்மா இப்போது அந்த மண்ணை அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்.

அன்று காலை நம் ஊரில் நிற்க இடமிருக்காது. அதுவும் பட்டப்பகலில், எந்தப் போலீஸும் கேள்வி கேட்க முடியாத நேரத்தில். ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் இல்லை என்றால் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். கூத்தையே தூக்கிவிடுவது என்ன நியாயம்?

பணத்துக்கு வருகிறேன். கூத்துக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் நம் சுற்றுவட்டாரத்திலேயே சுற்றுகிறது. கூத்தாடும் ஜமாவில் பதினைந்து பேர் என்றால் பதினைந்து பேரும் பத்து மைலுக்குள் இருக்கும் ஊர்க்காரர்கள். மண் அடித்தவருக்கு, துரியோதனனைச் செய்தவருக்கு, தீவட்டிக்குத் துணி சுற்றியவருக்கு, பந்தல்காரருக்கு, பூக்கட்டுகிற அக்காவுக்கு, மத்தியானம் பாரதம் படிப்பவருக்கும் அவரோடு ஆர்மோனியம் வாசிப்பவருக்கும் எல்லாம் கூலி உண்டு. பத்து நாளும் பள்ளிக்கூடத்து மதிலோரம் இட்லிக் கடை போடும் சித்தி, அந்த லாபத்தில்தான் பேரனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுவதாக என்னிடமே சொன்னார். கச்சேரிக்காரர்கள் வேனில் வருவார்கள், வாங்கியதை வாங்கிக்கொண்டு வேனிலேயே போவார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அது அவர்கள் பிழைப்பு.

ஜமாவுக்கு நீங்கள் செய்ததைப் பற்றித்தான் வருத்தம். தை மாதமே ஜமாவை நடத்தும் வாத்தியாருக்குத் தாம்பூலம் வைத்து முன்பணம் கொடுத்தீர்கள். அதை நம்பி அவர் அந்தப் பத்து ராத்திரிக்கு வேறு இரண்டு ஊரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பங்குனி தொடங்கி ஆடிவரைக்கும் ஆடுவதுதான் அவர்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. இப்போது முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். தாம்பூலம் வைத்ததைத் திருப்பிக் கேட்ட ஊர் என்ற பெயர் நமக்குத் தேவையா?

எங்கள் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போன ஜப்பான் மேலாளர் ஒருவர் நீகாட்டாப் பக்கத்துக்காரர். படுகளத்தை நான் செல்போனில் எடுத்து வைத்திருந்ததைக் கேன்டீனில் பார்த்துவிட்டு, யார் இதற்கு ஏற்பாடு செய்தது, எந்தக் கலைஞர் வந்தார் என்று கேட்டார். யாரும் வரவில்லை, எங்கள் தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்து நடக்கிறது என்றேன். ரொம்ப நேரம் அந்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் ஊர்ப் பக்கத்தில் நடக்கும் எச்சிகோ-சுமாரி விழாவைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு நானும் தேடிப் படித்தேன்.

டோகாமாச்சி, ட்சுனான் என்ற இரண்டு ஊர்களைச் சுற்றி மலையும் படிக்கட்டு வயலுமாகச் சுமார் 760 சதுர கிலோமீட்டர். ஆள் உயரத்துக்கு மேல் பனி கொட்டும் பூமி. பிள்ளைகள் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள், கிழவர்கள் மட்டும் மிச்சம். நம் கதைதான், பனி ஒன்றுதான் கூடுதல். அங்கே 2000இல் ஃப்ரம் கிடகாவா என்பவர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவைத் தொடங்கினார். வயலுக்குள் சிற்பமா, இது எதற்கு என்று ஊர்க்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். முதல் விழாவில் சேர்ந்தவை 28 சிற்றூர்கள்தான். பிறகு அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியது. 2018இல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்துபோனார்கள்.

எனக்குப் பிடித்தது வந்தவர்களின் எண்ணிக்கை இல்லை. எல்லாவற்றையும் ஒரே மைதானத்தில் வைக்காமல், வேண்டுமென்றே ஊர் ஊராகச் சிதற வைத்தார் அந்த மனிதர். பார்க்க வருகிறவர் ஒவ்வொரு ஊருக்குள்ளும் போயாக வேண்டும், வழி கேட்டாக வேண்டும், யாராவது ஒரு பாட்டியோடு பேசியாக வேண்டும். பீமன் வீடு வீடாகச் சோறு வாங்கிக்கொண்டு போகும் நம் பகாசுரன் வண்டி மாதிரி! 2004இல் பெரிய நிலநடுக்கம் வந்து வீடுகள் பாழானபோது, பழைய கூரைவீடு ஒன்றை எடுத்துக்கட்டி, அந்த ஊர்ப் பெண்களே சமைத்துப் பரிமாறும் சாப்பாட்டு வீடாக மாற்றினார்கள். கடைசியில் மூன்றே பிள்ளைகளோடு 2005இல் மூடிய ஒரு தொடக்கப் பள்ளியை, தாஷிமா செய்ஸோ என்ற படக்கதை ஓவியர் 2009இல் அருங்காட்சியகமாக்கினார். அந்த மூன்று பிள்ளைகள்தான் கதாபாத்திரங்கள். மிதந்து வந்த மரத்துண்டிலும் காய்களிலும் செய்த உருவங்கள் வகுப்பறை முழுக்கத் தொங்குகின்றன. இதைப் படித்தபோது நம் பள்ளிக்கூடத்துப் பதினோரு பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

முழுவதும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாராவது தேடிப் பார்த்து என்னைப் பொய்யன் என்று சொல்லக் கூடாது. அந்தப் பக்கம் மக்கள்தொகை இன்னும் குறைந்துகொண்டுதான் வருகிறது. விழா வைத்ததும் போனவர்கள் எல்லாம் மூட்டையோடு திரும்பிவிடவில்லை. ஆனால் மூடின வீடு திறந்தது, கைவிட்ட வயலில் நடவு நடந்தது, வெளியூர் இளைஞர்கள் வேலை செய்ய வந்தார்கள். நம் ஊருக்கும் நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நான்கூட நிரந்தரமாகத் திரும்பி வருவேனா என்று தெரியாது. ஆனால் வீட்டை விற்காமல் வைத்திருக்கிறேன்; பாரதம் ஒன்றுதான் காரணம் என்று என் மனைவிக்கு நன்றாகத் தெரியும். அவள் கேட்கிறாள், இனி எதற்கு அந்த வீடு என்று.

அவர்கள் கலையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஊருக்குள் வைத்தார்கள். நாம் உள்ளே இருப்பதை வெளியே அனுப்புகிறோம். பொங்கல் சமயத்தில் சென்னையில் ஒரு கலைவிழாவில் நம் வாத்தியார் ஜமா ஆடுவதாகக் கேள்விப்பட்டுப் பூங்காவுக்குப் போனேன். ராத்திரி முழுக்க நடக்கும் பகடை துகிலை இருபது நிமிஷத்தில் முடிக்கச் சொன்னார்களாம். துச்சாதனன் சேலையைப் பிடித்ததும் விளக்கை அணைத்து அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. வாத்தியார் என்னைப் பார்த்ததும் அரிதாரம் கலைக்காமலே வந்து, "நம்ம ஊர்ல எப்பப்பா கொடியேத்தம்?" என்றார். இப்போது அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

பிள்ளைகளுக்கு இதில் ஆசை இல்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் அவர்களின் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் ஒரு குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தது. பெண் பிள்ளைகளும் கூத்துக்கான மர அணிகளான கட்டை கட்டி ஆடினார்கள். செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் கூத்தும் கற்றுத் தருகிறார்கள், ஊரிலேயே விழாவும் நடத்துகிறார்கள். சென்னையிலிருந்து நாடகக்காரர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். அந்த ஊர் நமக்கு என்ன கண்காணாத தூரமா?

இனி சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசக்கும். பீமன் வண்டி வீடு வீடாகச் சோறு வாங்கிக்கொண்டு போவதைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். கிழக்குத் தெரு, நடுத்தெரு, மேட்டுத்தெரு. அந்த வண்டி ஒருநாளும் காலனிக்குள் போனதில்லை. சின்ன வயதில் என்னோடு படித்தவன் ஒருவன் வண்டியைப் பார்க்க ரோட்டு முனையில் வந்து நிற்பான், அதற்கு மேல் வரமாட்டான். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் யார் உள்ளே வரலாம் என்ற தகராறில் 2023இல் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்ததை நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். ஊரைச் சேர்க்கிற விழாவே ஊரைப் பிரிக்கவும் செய்யும். வரி வசூல் ஆகவில்லை என்கிறீர்களே, ஊரில் மூன்றில் ஒரு பங்கு பேரை வெளியே நிறுத்திவிட்டு வசூல் எப்படி ஆகும்?

மண்டபம் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணம் செய்ய ஊரில் பிள்ளைகள் இருந்தால்தானே மண்டபம்? நாலு மைலில் டவுனில் மூன்று மண்டபம் இருக்கிறது.

இனி நான் கேட்பவை. முதல் வேலையாக, வாத்தியாரிடம் முன்பணம் திருப்பிக் கேட்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். குழுவில் பெரியவர் ஒருவர் நேரில் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும்.

பத்து ராத்திரி முடியாது என்றால் ஆறு வையுங்கள். இரண்டு வாரம், வெள்ளி, சனி, ஞாயிறு. முதல் வாரம் வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு. இரண்டாம் வாரம் கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், ஞாயிறு காலை படுகளம், சாயந்திரம் தீமிதி, ராத்திரி தர்மர் பட்டாபிஷேகம். மத்தியானப் பாரதம் படிப்பும் காப்பும் எப்போதும் போல நடக்கட்டும். எதை விடலாம், எதைச் சேர்க்கலாம் என்பதை வாத்தியாரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், நானும் நீங்களும் சொல்ல வேண்டியதில்லை அது. அர்ச்சுனன் ஏறும் தபசு மரத்துக்கு 1998இல் எங்கள் கொல்லைப் பனையைத்தான் வெட்டினோம். இப்போது பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதால், ஒரே மரத்தை வருஷா வருஷம் பத்திரப்படுத்தி வைக்கக் கோயில் பின்னால் ஒரு கொட்டகை போடலாம்.

கூத்து சாயந்திரம் ஆறரைக்கே தொடங்கட்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாதுதான். ஆனால் பண்பாட்டு, மத விழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. இதற்கு ஊர் சார்பில் இதுவரை ஒரு மனுகூடப் போகவில்லை. இந்த முறை முன்கூட்டியே, ஊராட்சித் தீர்மானத்தோடு ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். எழுதித் தர நான் தயார்.

பீமன் வண்டி இந்த வருஷம் காலனித் தெருவுக்கும் போக வேண்டும். குழுவில் அங்கிருந்து இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக, சேர்க்கப்பட வேண்டும். வரவு செலவு நோட்டைக் கோயில் திண்ணையில் எல்லோரும் பார்க்க வையுங்கள். மே மாத விடுமுறையில் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்குக் கூத்துச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் சம்மதித்தால், தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள்.

ஒரகடத்திலும் படப்பையிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் இருபத்து மூன்று பேரிடம் பேசிவிட்டேன். கூத்து உண்டென்றால் வரிக்கு மேல் தலைக்கு இரண்டாயிரம் தருகிறோம். கச்சேரிக்கு வரி மட்டும்தான். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இதுதான் எங்கள் நிலை.

வருகிற அமாவாசைக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, முடிவை மறுபடி ஊரைக் கேட்டு எடுங்கள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன். சாயந்திரம் ஐந்து மணிக்குக் கோயில் திண்ணையில் இருப்பேன்.

இப்படிக்கு,
கிழக்குத் தெருக்காரன் ஒருவன்